கட்டமரான் என்னும் பந்தயப் படகு

கட்டுமரம் என்னும் நம் சொல் 'கட்டமரான்' எனத் திரிந்து உலக மொழிகள் பலவற்றில் வழங்கி வருவது தமிழாசிரியர் அனைவரும் அறிந்த செய்தி. பிறமொழிகளுக்குச் சென்ற தமிழ்ச் சொற்களை வகுப்பில் எடுத்துக் கூறும்போது, மிளகுதண்ணீர், சுருட்டு ஆகியவற்றோடு இதனையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். மாணவரும் அதைக் கேட்டு மகிழ்வர். அது நன்றே. ஆயின், 2023-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சிங்கப்பூர்க் கடலில் போட்டியிட்ட ஐம்பதடிப் பந்தயப் படகுகளின் படத்தைக் காட்டி, 'இவை நம் முன்னோர் கட்டிய கலத்தின் வழி வந்தவை' என்று ஓர் ஆசிரியர் கூறுவாராயின், அது பொருந்தாது. பெயர் நம்முடையதே, கலத்தின் பிறப்பிடம் வேறு.

அக்கலம் எங்கே பிறந்தது, ஏன் அத்துணை விரைந்து செல்கிறது, அதனைச் செலுத்துவோர் எதற்கு அஞ்சுகின்றனர் என்பவற்றை ஈண்டு விளக்க முற்படுவோம். இவற்றுள் மூன்றாவதற்கே மிகுதியான இடம் தருதல் வேண்டும். என்னை? அப்படகு மிக விரைந்து ஓடும் நிலையும், அது கவிழத் தொடங்கும் நிலையும் ஏறத்தாழ ஒன்றேயாகும். இதனை உணர்ந்தால் அப்படகைப் பற்றிய பிறவெல்லாம் எளிதில் விளங்கும்.

முதலில் நம் கட்டுமரத்தைக் காண்போம். பெயருக்கேற்ப அது கட்டிய மரம். நீரில் நன்கு மிதக்கும் இலேசான மரங்கள் சிலவற்றைச் செதுக்கி, அருகருகே அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுகப் பிணைத்தால் கட்டுமரம் ஆயிற்று. அதற்கு உட்குழிவு இல்லை. ஆகவே நீர் புகுந்து நிறைவதற்கும் இடமில்லை. அலை மேலேறி வந்தால் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். சோழமண்டலக் கரையில் அலை உடைந்து சீறும் இடத்தைக் கடந்து செல்ல இதனினும் ஏற்ற கலம் அக்காலத்தில் இல்லை. கரைக்கு மீண்டதும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். நீர் ஊறிய மரம் கனத்து மிதப்புக் குன்றும் அன்றோ? 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியதால் மரத்தாலான கட்டுமரங்கள் அக்கரையில் அருகிவிட்டன.

இக்கலத்தின் பெயரை ஆங்கில நூலில் எழுதி வைத்த முன்னோடிகளுள் ஒருவர் வில்லியம் டாம்பியர். கடற்கொள்ளையராகவும் உலகைச் சுற்றிய மாலுமியாகவும் வாழ்ந்த அவர், 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைக் குறிப்பிடுகிறார். அதன்பின் அச்சொல் ஆங்கிலேயர் வாயில் பல பொருள்களை ஏற்றது. எந்நாட்டு மரத்தெப்பமும் கட்டமரான் எனப்பட்டது. 1804-இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்கப் புலோன் துறைமுகத்தின்மீது ஆங்கிலக் கடற்படை ஏவிய வெடிமிதவைகளுக்கும் அதே பெயர். சண்டைக்காரப் பெண்ணையும் கட்டமரான் என்று ஏசும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இருந்தது. நம் மீனவர் அறிந்திருந்தால் நகைத்திருப்பர்! இவ்வாறு தளர்ந்துபோன அச்சொல்லே பிற்காலத்தில் இரண்டு படகுடல்களை இணைத்த கலத்திற்கு உரியதாயிற்று.

அவ்விரட்டைக் கலமோ பசிபிக் பெருங்கடல் மக்களின் படைப்பு. இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டு நிறுத்தி, குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, மேலே தளமும் பாயும் அமைத்து, பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள தீவுகளுக்கு அவர்கள் குடிபெயர்ந்தனர். அம்மக்களின் மொழிகள் மலாய் மொழிக்கு உறவுடையவை என்பது நம் நாட்டுப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. மலாயில் ஐந்தைக் குறிக்கும் 'லீமா' ஹவாய்த் தீவிலும் 'லீமா' தான். மலாயில் வானத்தைக் குறிக்கும் 'லாஙிட்' அங்கே 'லானி' ஆகிறது. எனவே பந்தயக் கட்டமரானின் மூதாதையரைத் தேடப் புகுவோர் நாகப்பட்டினத்தை விட்டு, இந்நாட்டு மலாய் மக்களின் தொலைதூர உறவினரிடமே செல்லுதல் வேண்டும்.

அம்முன்னோரின் திறத்தை மெய்ப்பிக்க ஹவாயில் 62 அடி நீளமுள்ள 'ஹோக்குலேயா' என்னும் இரட்டைக் கலம் ஒன்றைக் கட்டினர். 1976-இல் அது ஹவாயிலிருந்து தாகித்தித் தீவுக்குச் சென்று சேர்ந்தது. காந்தமுள்ளும் பிற கருவிகளும் இல்லை. மைக்குரோனீசியாவைச் சேர்ந்த மாவ் பியாயிலுக் என்பவர் விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் கொண்டே வழிகாட்டினார். இதே கலத்தை மீண்டும் ஓரிடத்தில் சந்திப்போம்.

மேலைநாட்டுப் பந்தய உலகில் இரட்டைப் படகு நுழைந்த கதை சுவையானது. நத்தானியல் ஹெரஷாப் என்னும் அமெரிக்க இளைஞர் ஏறத்தாழ 25 அடி நீளத்தில் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டைப் படகைக் கட்டி, 1876-ஆம் ஆண்டு நியூயார்க்குப் பந்தயம் ஒன்றில் விட்டார். வேகத்தில் பெயர்பெற்ற ஒற்றை உடற்படகுகளையெல்லாம் அது எளிதில் பின்தள்ளிச் சென்றது. தோற்றவர்கள் முறையிட்டனர். 'இது படகே அன்று' என்பதுபோல் ஒரு வழக்கு எழுந்தது. அப்படகு பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டது. ஹெரஷாப் அடுத்த ஆண்டு தம் அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் காலப்போக்கில் ஒற்றை உடற்கலங்களுக்கே திரும்பி, அவற்றை அமைப்பதில் தம் காலத்தின் தலைசிறந்தவராகத் திகழ்ந்தார். பெரும் பந்தயங்களில் இரட்டைப் படகு அதன்பின் நெடுங்காலம் தலைகாட்டவில்லை. தோற்றவர் வென்றவரை விலக்கிய அந்த ஒரு நாள், படகு விளையாட்டின் வளர்ச்சியைப் பல்லாண்டு பின்னுக்கு இழுத்தது என்பதே என் கருத்து.

அது ஏன் வென்றது? சாதாரணப் படகு ஓடும்போது நீரைத் தள்ளி, முன்னே ஓர் அலையையும் பின்னே ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அவ்வலை நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும், படகு தான் எழுப்பிய அலையின் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அதற்குமேல் விரைய வேண்டுமாயின் தன் அலைமீது தானே ஏறவேண்டும். கனத்த படகால் அது இயலாது. இரட்டைப் படகின் உடல்களோ அகலத்தைப் போல் பத்து மடங்கிற்கு மேல் நீளமுள்ளவை. கத்தி போன்ற அவ்வுடல் நீரைப் பிளந்து செல்வதன்றி அலையைப் பெரிதாக எழுப்புவதில்லை. அத்துணை ஒடுங்கிய உடல் தனித்து நின்றால் உருண்டுவிடும். இரண்டை அகல நிறுத்திப் பிணைத்ததால் நிற்கிறது. ஒற்றைப் படகு சாயாதிருக்க அடியில் சுமக்கும் ஈயமும் இரும்பும் இதற்கு வேண்டா. பாரமின்மையும் ஒடுக்கமும் ஆகிய இரண்டுமே இதன் வேகத்தின் இரகசியம்.

இனி நம் முதன்மைப் பொருளுக்கு வருவோம். காற்று வந்து மோதும் பக்கத்தைக் காற்றுப்பக்கம் என்றும், அதற்கு மறுபக்கத்தை ஒதுக்குப்பக்கம் என்றும் வழங்குவோம்.

அடியில் பாரம் கட்டிய ஒற்றைப் படகு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் போன்றது. அதைச் சிறிது சாய்த்தால் சிறிது எதிர்க்கும். மேலும் சாய்த்தால் மேலும் எதிர்க்கும். கையை விட்டால் எழுந்து நிற்கும். இரட்டைப் படகு நம் வகுப்பறையிலுள்ள பெஞ்சைப் போன்றது. நான்கு கால்களும் தரையில் ஊன்றியிருக்கும்போது பெஞ்சு அசையாது. ஒரு பக்கத்துக் கால்களைத் தரையிலிருந்து கிளப்புவதற்கே முழு வலிமையும் வேண்டும். கிளம்பியபின் அது சாயச் சாயக் கைக்கு எளிதாகிறது. பின்பு ஓரிடத்தில் தானே விழுந்துவிடுகிறது. விழுந்த பெஞ்சு தானே எழுவதில்லை. ஆசிரியர் இதனை ஒரு பெஞ்சைக் கொண்டே செய்து காட்டலாம். மாணவர் ஒருபோதும் மறவார்.

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 1967-இல் ரோட்னி மார்ச் என்னும் ஆங்கிலேயர் வரைந்த 'டொர்னாடோ' என்னும் இரட்டைப் படகு, 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்குப் போட்டிகளில் இடம்பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 6.1 மீட்டர், அகலம் 3.05 மீட்டர், எடை சுமார் 155 கிலோகிராம். செலுத்துவோர் இருவர், ஒவ்வொருவரும் 75 கிலோ எனக் கொள்வோம். காற்று வீசிக் காற்றுப்பக்கத்து உடல் நீரைவிட்டு எழும் கணத்தில் ஒதுக்குப்பக்கத்து உடலே நெம்புகோலின் ஆதாரத்தானம் ஆகிறது. படகின் எடை அங்கிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டர் தொலைவில் இருக்கிறது. பெருக்கினால் 200 வரும். பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்பைக் கொளுவி, படகின் விளிம்பில் பாதம் ஊன்றி, உடலை வெளியே நீட்டி நிற்கும் இருவரின் எடை ஏறத்தாழ 3.6 மீட்டர் தொலைவில் இருக்கிறது. 150-ஐ அதனால் பெருக்கினால் 540. ஆகமொத்தம் 740. படகைக் கவிழாமல் காப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு மனித உடல்களின் பங்கு என்பதைக் காண்க! அவர்களுள் ஒருவர் கால் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த 740 என்பதே உச்ச அளவு. காற்றுப்பக்கத்து உடல் எழத் தொடங்கும்போதே படகு தன் முழு எதிர்ப்பையும் காட்டி முடித்துவிடுகிறது. மேலும் சாய்ந்தால் அவ்வெடைகள் ஆதாரத்தானத்தை நோக்கி நகர்கின்றன. அறுபது பாகை சாய்வில் எதிர்ப்பு பாதியாகும். எடைகள் மேலே உயர்ந்து நிற்பதையும் கணக்கில் கொண்டால் இன்னும் குறையும். அதே வேளையில் இரு உடல்களுக்கும் இடையே கட்டிய வலைத்தளத்தின் அடிப்பக்கம் காற்றுக்கு முகங்காட்டுகிறது. சாய்க்கும் விசைக்கு அது புதுத் துணை.

அப்படியானால் காற்றுப்பக்கத்து உடலை எழவிடாமலே ஓட்டலாகாதா என வினவலாம். உல்லாசப் பயணம் போவோர் அவ்வாறே செய்வர். பந்தயத்தில் அது இயலாது. இரு உடல்களும் நீரில் தோய்ந்திருந்தால் இரண்டின் உராய்வையும் இழுக்க வேண்டும். ஒன்று எழுந்துவிட்டால் இழுவை குறைந்து வேகம் கூடுகிறது. அவ்வுடல் நீர்ப்பரப்பை முத்தமிட்டுச் செல்லும் அளவே சிறந்த அளவு. ஒரு முழம் மேலே போனால் பாய் சாய்ந்து வலிமை இழக்கும்; கீழே வந்தால் இழுவை கூடும். ஆகவே எதிர்ப்பு முடிந்துபோகும் அந்த விளிம்பிலேயே, மணிக்கணக்கில் படகை நிறுத்தி வைப்பதுதான் இவ்விளையாட்டு. பெரும்பாயின் கயிற்றைப் பிடித்திருப்பவர் ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் ஒரு சாண் விட்டும் ஒரு சாண் இழுத்தும் கொண்டேயிருப்பார். அக்கயிற்றைக் கொளுக்கியில் மாட்டிவிட்டு இளைப்பாற எண்ணியவர் பலர் நீரில் விழுந்துள்ளனர்.

கவிழ்ந்த இரட்டைப் படகு தலைகீழாகவும் அதே உறுதியுடன் மிதக்கும் என்பது இதன் பெருங்கேடு. மேலே கூறிய ஹோக்குலேயா 1978-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மீண்டும் தாகித்தி நோக்கிப் புறப்பட்டு, முதல் இரவிலேயே மொலக்காய்த் தீவுக்குத் தெற்கே புயலில் கவிழ்ந்தது. கலத்தை நிமிர்த்த வழியில்லை. மாலுமிகள் கவிழ்ந்த உடல்களைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தனர். அவர்களுள் எடி ஐக்காவு என்பவர், கடலில் மூழ்குவோரைக் காக்கும் தொழிலில் புகழ்பெற்றவர். உதவி தேடித் தம் அலைப்பலகைமேல் படுத்துக் கைகளால் துடுப்பிட்டுக் கரைநோக்கிச் சென்றார். பின்னர் வானூர்தி ஒன்றின் கண்ணில் பட்டு மற்றவர் மீட்கப்பட்டனர். ஐக்காவு திரும்பவேயில்லை.

சிறு பந்தயப் படகுகளை மட்டும் கவிழ்ந்தபின் நிமிர்த்தலாம். செலுத்துவோர் இருவரும் நீரில் கிடக்கும் உடலின்மேல் ஏறி நின்று, மேலுடலிலிருந்து வரும் கயிற்றைப் பற்றிப் பின்னால் சாய்வர். படகின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைத்தால், காற்றே பாயின் அடியில் புகுந்து தூக்க உதவும். அதுவரை பாய்மரம் நீரில் அமிழாதபடி அதன் நுனியில் மிதவை வைப்பதும் உண்டு. ஆழமற்ற கடலில் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்தி நின்றுவிட்டால் துன்பமே.

பக்கவாட்டில் கவிழ்வதைவிட அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. அது மூக்குக் குப்புறக் கவிழ்தல். பாயின் விசை பாய்மரத்தின் உயரத்தில் இருந்து முன்னோக்கித் தள்ளுகிறது. நீரின் இழுவையோ அடியில் பின்னோக்கி இழுக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து படகின் மூக்கைக் கீழே அழுத்துகின்றன. வேகத்திற்காக ஒடுக்கிய மூக்கில் மிதப்பு ஆற்றல் குறைவு. ஒதுக்குப்பக்கத்து மூக்கு அலையில் புகுந்தால் படகு சட்டென்று நிற்கும். பாயும் மனிதரும் நிற்பதில்லை. கம்பியில் தொங்குவோர் ஊசலின் குண்டு போல முன்னே வீசப்படுவர். காற்று வலுக்கும்போது இருவரும் படகின் பின்கோடிக்கு நகர்வது இதனைத் தடுக்கவே. 1960-களின் இறுதியில் கலிபோர்னியாவின் ஹோபி ஆல்டர் கடற்கரையிலிருந்து நேரே அலைக்குள் தள்ளிச் செல்லத்தக்க சிறு இரட்டைப் படகுகளை உருவாக்கினார். அவருடைய பதினாறடிப் படகு ஓர் இலட்சத்திற்கும் மேல் விற்றது. அதில் பழகியவரெல்லாம் இந்தக் குட்டிக்கரணத்தை ஒருமுறையேனும் அறிந்திருப்பர்.

இவ்வளவு விரையும் படகு திரும்புவதில் மட்டும் மந்தமானது. காற்றுக்கு எதிரே நேராக எப்படகும் செல்லாது. இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்தே முன்னேற வேண்டும். பக்கம் மாறும்போது படகின் முகம் ஒரு கணம் காற்றுக்கு நேராக நிற்கும். கனத்த படகு தன் உந்தத்தால் அக்கணத்தைக் கடந்துவிடும். இலேசான இரட்டைப் படகு அங்கேயே நின்று, பின்னோக்கி மிதக்கத் தொடங்கும். நீண்ட இரு உடல்களும் தண்டவாளம் போல் நேரே செல்லவே விரும்புகின்றன. முன்பாயைச் சற்றுநேரம் எதிர்ப்பக்கத்தில் பிடித்து வைத்து மூக்கைத் தள்ளச் செய்வதும், பின்னோக்கிச் செல்லும்போது சுக்கானை மறுபுறம் திருப்புவதும் புதியவர் கற்கும் முதற்பாடங்கள்.

காற்றினால் ஓடும் படகு காற்றைவிட விரைந்து ஓட முடியுமா? நேரே காற்றின் திசையில் பாயை விரித்துச் சென்றால் முடியாது. குறுக்கே சென்றால் முடியும். தோலுரித்த ரம்புத்தான் பழத்தை இரு விரல்களுக்கிடையே அழுத்துங்கள். விரல்கள் நெருங்கும் வேகத்தைவிடப் பன்மடங்கு வேகத்தில் அது தெறித்து ஓடும். ஒரு விரல் காற்று. மறு விரல் நீர். நீருக்குள் செங்குத்தாக இறங்கியிருக்கும் மெல்லிய பலகை படகைப் பக்கவாட்டில் நழுவவிடாமல் தடுக்கிறது. ஆகவே அது முன்னோக்கிப் பிதுங்கி ஓடுகிறது.

ஓடத் தொடங்கியதும் இன்னொன்று நிகழ்கிறது. மிதிவண்டியில் விரைந்து செல்பவருக்குப் பக்கத்திலிருந்து வீசும் காற்றும் முன்னிருந்து வீசுவதாகத் தோன்றும் அல்லவா? அதுபோல் படகு விரையும்தோறும் அதன் பாயில் படும் காற்று முன்னோக்கி நகர்ந்து வலுப்பெறுகிறது. வேகம் காற்றை உண்டாக்க, அக்காற்று மேலும் வேகத்தை உண்டாக்குகிறது. காற்றின் போக்கிலே செல்லும்போதும் பந்தயப் படகுகள் நேரே செல்லாமல் இடமும் வலமுமாக வளைந்து செல்வது இதனாலேதான். சுற்றுவழியாயினும் முன்னரே போய்ச் சேரும்.

இதிலிருந்து ஓர் இக்கட்டான நிலை பிறக்கிறது. காற்றை எதிர்த்துச் செல்லும்போது திடீரெனப் பலத்த வீச்சு வந்தால், மூக்கைச் சிறிது காற்றை நோக்கித் திருப்பினால் போதும். பாய் தளர்ந்து படகு நிமிரும். காற்றின் போக்கில் செல்லும்போது அதே வீச்சு வந்தால், மாறாக, காற்றை விட்டு விலகித் திருப்ப வேண்டும். இரண்டிற்கும் நடுவே, காற்று நேர்ப்பக்கத்தில் படும் ஒரு திசை உண்டு. அங்கே எப்பக்கம் திருப்பினாலும் விசை குறைவதற்குள் கூடும். பந்தயப் படகோட்டிகள் அதற்கு 'மரணப் பகுதி' என்று பெயரிட்டுள்ளனர். மேல்காற்று முனையிலுள்ள மிதவையைச் சுற்றிக் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அப்பகுதியைக் கடந்தே தீரவேண்டும். தயங்கினால் கேடு. பாயை அளவாகத் தளர்த்தி, எல்லோரும் பின்கோடிக்கு ஓடி, ஒரே மூச்சில் திரும்பிவிட வேண்டும்.

அது வெறும் பெயரன்று என்பதை அமெரிக்கக் கோப்பைப் பந்தயம் காட்டிற்று. 2013-ஆம் ஆண்டுப் போட்டிக்காக 72 அடி நீளமுள்ள பெரும் இரட்டைப் படகுகள் கட்டப்பட்டன. எடை ஏறத்தாழ 6 டன், மாலுமிகள் பதினொருவர். துணிப்பாய்க்கு மாற்றாக வானூர்தியின் இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல் 40 மீட்டர் உயரமும் 260 சதுரமீட்டர் பரப்பும் உள்ள சிறகுப்பாய் அமைத்தனர். துணிப்பாயைக் காற்று மிகுந்தால் சுருட்டலாம். இதனைச் சுருட்டவோ இறக்கவோ இயலாது. நாள்தோறும் காலையில் பாரந்தூக்கியால் ஏற்றி, மாலையில் இறக்க வேண்டும். கரையருகே கட்டிவைத்தாலும் அது காற்றைப் பற்றி இழுத்துக்கொண்டேயிருக்கும்.

2012-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அமெரிக்கக் குழுவின் படகு சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் காற்றை விட்டு விலகித் திரும்பும்போது மூக்குக் குத்திக் கவிழ்ந்தது. நீரோட்டம் அதனைத் தங்கவாயில் பாலத்தைக் கடந்து வெளிக்கடலுக்கு இழுத்துச் சென்றது. சிறகு சுக்குநூறாயிற்று, மனிதர் பிழைத்தனர். 2013 மே 9-ஆம் நாள் சுவீடன் குழுவின் படகு அதே விரிகுடாவில், அதே வகைத் திருப்பத்தில் உடைந்து கவிழ்ந்தது. 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆன்றூ சிம்சன் என்னும் ஆங்கிலேயர் அதன் அடியில் சிக்கி இறந்தார். கலைதேர்ந்த மாலுமியே அவர். கவிழ்ந்த படகின் அடியில் அகப்பட்டவருக்கு அக்கலை உதவவில்லை. அதன்பின் 37 பரிந்துரைகள் வகுக்கப்பட்டுப் பந்தயத்திற்குரிய காற்றின் உச்ச வரம்பும் குறைக்கப்பட்டது.

அதே ஆண்டு மற்றொரு மாற்றமும் நிலைபெற்றது. நியூசிலாந்துக் குழுவினர் 2012-லேயே தம் பெரும்படகை நீருக்கு மேலே எழுப்பிக் காட்டியிருந்தனர். பக்கவாட்டு நழுவலைத் தடுக்கும் பலகையின் அடிமுனையை உள்நோக்கி வளைத்து, அதனை நீருக்குள் பறக்கும் சிறகாக ஆக்கினர். நீர்ச்சிறகு தரும் தூக்குவிசை வேகத்தின் இருமடிப்படி கூடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். போதிய வேகம் வந்ததும் இரண்டு உடல்களும் நீரைவிட்டு எழ, உள்ளங்கையளவு தடிப்புள்ள சிறகுகளின் மேல் ஆறு டன் கலம் நிற்கிறது. அப்போட்டியில் படகுகள் மணிக்கு 80 கி.மீ. அளவை எட்டின, அது வீசிய காற்றின் வேகத்தைப் போல் இருமடங்கிற்கு மேல். இறுதிப் போட்டியில் எட்டுக்கு ஒன்று எனப் பின்தங்கியிருந்த அமெரிக்கக் குழு ஒன்பதுக்கு எட்டு என வென்றது தனிக்கதை.

2017-இல் பெர்முடாவில் நடந்த போட்டியில் படகுகள் சிறுத்தன, வேகம் குறையவில்லை. நியூசிலாந்தினர் சிறகுகளை இயக்கும் நீரழுத்தப் பொறிக்கு வேண்டிய ஆற்றலைக் கையால் சுழற்றிப் பெறுவதை விட்டு, மிதிவண்டி மிதிப்பது போல் காலால் மிதித்துப் பெற்றனர். கையைவிடக் கால் வலிது என்பது எளிய உண்மையே. அவர்கள் படகும் சூன் 6-ஆம் நாள் பந்தயத் தொடக்கத்தில் மூக்குக் குத்திக் கவிழ்ந்து, சிலர் கடலில் வீசப்பட்டனர். படகைச் செப்பனிட்டுக் கோப்பையையும் வென்றனர். அப்போட்டியின் படகுகளை அடிப்படையாகக் கொண்டு உருவானவையே 2019 முதல் நாடுதோறும் சென்று போட்டியிடும் 'எஃப்50' படகுகள். சிங்கப்பூருக்கு வந்தவையும் அவையே. 2022 செப்டம்பரில் பிரான்சு நாட்டுக் குழு அவற்றுள் ஒன்றில் மணிக்கு 99.94 கி.மீ. வேகத்தைத் தொட்டது.

நீர்ச்சிறகு வந்தபின் பழைய இக்கட்டு நீங்கிவிட்டதா எனின், இல்லை. அது பக்கவாட்டிலிருந்து செங்குத்துக்கு மாறியுள்ளது. படகு உயர உயர நீரில் தோயும் பகுதி குறைந்து வேகம் கூடுகிறது. ஆகவே சிறகை நீர்ப்பரப்புக்கு மிக அருகே ஓட்டுவதே ஆதாயம். ஆனால் சிறகு பரப்பைக் கிழித்து வெளிப்பட்டால், காற்று அதன் மேற்புறத்தில் உறிஞ்சப்பட்டுத் தூக்குவிசை ஒரு நொடியில் அற்றுப்போகிறது. நீர்மேல் பறந்த கலம் மூக்குக் குப்புற விழுகிறது. மணிக்கு 90 கி.மீ.க்கு மேற்போனால் வேறொரு தடையும் உண்டு. சிறகின் மேற்புறத்தில் அழுத்தம் மிகக் குறைந்து, குளிர்ந்த கடல்நீரே கொதித்து ஆவிக் குமிழிகளாகிச் சிறகின் பிடியைத் தளர்த்துகிறது.

எஃப்50 படகில் சிறகின் கோணத்தைக் கணந்தோறும் மாற்றி உயரத்தைக் காப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். விசைகளை அழுத்துவதன்றி அவருக்கு வேறு வேலை குறைவு. ஒலிம்பிக்கில் டொர்னாடோவின் இடத்திற்கு 2016-இல் வந்த 'நாக்ரா 17' என்னும் சிறு படகில் அதற்கெனத் தனியாள் இல்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து செலுத்தும் அப்படகு, 2021-இல் நடந்த தோக்கியோ விளையாட்டிலிருந்து நீர்ச்சிறகின்மேல் ஓடுகிறது. அதிலும், 2024-இல் மார்செய் கடலிலும் தங்கம் வென்றவர்கள் இத்தாலியரான ருச்செரோ தீத்தாவும் கத்தெரீனா பாந்தியும். விளிம்பில் கம்பியில் தொங்கிக்கொண்டு, படகின் மூக்கு எழுந்தால் அரையடி முன்னும், தாழ்ந்தால் அரையடி பின்னுமாக நகர்ந்து, தம் உடலாலும் அவர்கள் அவ்வுயரத்தைக் காத்தனர்.